வாளில் இருப்பது யார் எழுத்து?

ஆயுத பூஜைக்கு முதல் நாள், பரணில் இருக்கும் தாத்தா காலத்து வாளை இறக்கி, புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்து, பொட்டு வைப்பது சில வீடுகளில் பரம்பரை வழக்கம். அப்படித் தேய்த்த வாசகி ஒருவருக்கு வந்ததே சங்கடம்! துரு போன இடத்தில் ஏதோ வெளிநாட்டு எழுத்து. 'தஞ்சாவூர் மகாராஜா கொடுத்தது என்று மாமியார் சொல்வார். அது பொய்யா? இதை அம்பாள் முன்னால் வைக்கலாமா, எடைக்குப் போட்டுவிடலாமா?' என்று கேட்டார்.

அவசரப்படாதீர்கள் அம்மா! இதே கேள்வி சத்ரபதி சிவாஜியின் வாளுக்கும் வந்ததுதான்.

மராட்டிய மாநிலம் துல்ஜாபூரில் கோயில் கொண்டிருக்கும் பவானி அம்மன், சிவாஜியின் குலதெய்வம். அவருக்கு அன்னையே வாள் தந்தாள் என்பது பக்தர்களின் நம்பிக்கை. 1875-76ல் இந்தியா வந்த இங்கிலாந்து இளவரசருக்குக் கோலாப்பூர் அரண்மனை ஒரு வாளைப் பரிசளித்தது. 'ஜகதம்பா' என்று அழைக்கப்படும் அந்த வாளையே பவானி வாள் என்று நம்பியவர்களும் உண்டு. பிடியில் வைரமும் மாணிக்கமும் ஜொலிக்க, அலகிலோ ஏசுநாதர் பெயரின் சுருக்கமான மூன்று லத்தீன் எழுத்துகள், மூன்று முறை! அலகு ஐரோப்பாவில் செய்தது. பிடி நம் நாட்டு வேலை.

அந்தக் காலத்தில் இது சர்வ சாதாரணம். கப்பலில் வந்த அலகுகளை வாங்கி, நம் கொல்லர்கள் பிடி போட்டுக் கொடுத்தார்கள். அதற்குப் பெயரே 'ஃபிரங்கி'. நாம் சாம்பாரில் போடும் பறங்கிக்காயின் 'பறங்கி'யும் அதே சொல்தான்! நாகபுரி மன்னர் ரகுஜி போஸ்லேயின் வாளை மராட்டிய அரசு 2025ல் லண்டன் ஏலத்தில் வாங்கியது. அதுவும் ஐரோப்பிய அலகுதான். அதில் மன்னரின் பெயரோடு 'ஃபிரங்' என்ற சொல்லும் தேவநாகரி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை, பாருங்கள்!

ஆகவே வாளைப் பார்க்கும்போது அலகு, பிடி, எழுத்து மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். பல பிடிகளை அரக்கு வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள். அதனால் ஒரே அலகு காலப்போக்கில் பிடி மாறியிருக்கலாம். அலகில் நீர் அலை போல் நெளிவு தெரிந்தால், அது நம் நாடு புகழ்பெற்ற உருக்கு வகையாக இருக்கக்கூடும். அயல் முத்திரை இருப்பதாலேயே அது அயல்நாட்டு வாள் என்றும் முடிவு கட்ட முடியாது. இத்தாலியின் ஜெனோவா நகரோடு சேர்த்துச் சொல்லப்படும், கண் இமை போன்ற பிறை முத்திரையை நம்மூர்க் கொல்லர்களும் பார்த்துப் பொறித்தார்கள். போலி முத்திரை அன்றைக்கும் உண்டு!

மாமியார் சொன்ன கதை? தஞ்சையை ஆண்ட மராட்டியர், சிவாஜியின் தம்பி ஏகோஜியின் வம்சம். தஞ்சை அரண்மனை ஆயுதங்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். அவற்றிலும் ஐரோப்பிய அலகுகள் உண்டு. எனவே வெளிநாட்டு எழுத்தால் கதை பொய்யாகிவிடாது. ஆனால் மன்னர் பெயரோ அரண்மனை அடையாளமோ இல்லாமல் உண்மை என்றும் சொல்ல முடியாது. கதையைக் கேட்டபடியே ஒரு நோட்டில் எழுதி, வாளோடு வையுங்கள்.

எனக்குப் பெரிய கவலை, அந்தப் புளியும் செங்கல் பொடியும்தான். நெளிவு, பொன் எழுத்து, முத்திரை எல்லாமே தேய்ந்து போய்விடும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை லேசாகப் பூசினால் போதும். அரக்குப் பிடி இளகிவிடும் என்பதால் வெந்நீர் கூடாது. சந்தனம், குங்குமத்தை உறையில் வையுங்கள். வாள் நுனியில் எலுமிச்சம்பழம் செருகுவது உங்கள் வழக்கமானால், பூஜை முடிந்த கையோடு எடுத்துவிட்டு, சாறு பட்ட இடத்தை ஈரம் போகத் துடைத்துவிடுங்கள்.