பந்தி முடியும் முன்பே ஒரு போன்

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். 500 பேருக்குச் சொல்லிச் சமைத்தாச்சு. மழை பிடித்துக்கொண்டதால் 350 பேர்தான் வந்தார்கள். மாலை மூன்றரை மணிக்கு மண்டபத்தைக் காலி செய்யும்போதுதான் யாரோ கவனிக்கிறார்கள்: "அண்டாவுல சாதம் அப்படியே இருக்கே, யாருக்காவது குடுத்துடலாமே!" உடனே கைப்பேசியில் தேடி, உணவு சேகரிக்கும் தன்னார்வலர்களை அழைக்கிறீர்கள். "சாதம் எத்தனை மணிக்கு வடிச்சதுங்க?" என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. "காலையில பத்து மணிக்கு" என்கிறீர்கள். "மன்னிக்கணும், எடுக்க முடியாதுங்க."

சும்மா தருவதை வேண்டாம் என்கிறார்களே என்று கோபம் வரும். ஆனால் அவர்கள் செய்தது சரி.

சமைத்த உணவு 60 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஆறிப்போன அண்டாச் சோறு அந்த நடுவில்தான் இருக்கிறது. அதில் வளரும் ஒரு வகை பாக்டீரியா விடும் நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. தேங்காய்ச் சட்னி, தயிர் சாதம் பற்றிச் சொல்லவே வேண்டாம். முதியோர் இல்லத்திலும் குழந்தைகள் காப்பகத்திலும் இருப்பவர்களுக்கு வயிறு கெட்டால் நம்மைவிடக் கடுமையாகப் பாதிக்கும்.

அதனால் போன் செய்ய வேண்டிய நேரம் கடைசிப் பந்தி உட்காரும்போதே. சமையல் மாஸ்டரிடம் "எவ்வளவு மிஞ்சும்?" என்று கேளுங்கள், அவர் கண்ணளவிலேயே சொல்லிவிடுவார். என்ன பதார்த்தம், சுமார் எத்தனை பேருக்கு வரும், எப்போது சமைத்தது, மண்டபம் எங்கே என்று சொல்லி, லொகேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். வண்டி வரும்வரை பாத்திரத்தை மூடி, சூடு குறையாமல் வைக்கச் சொல்லுங்கள். இலையில் பரிமாறி மிஞ்சியதை இதோடு சேர்க்கவே கூடாது. இதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்போம், ஆனால் அவசரத்தில் ஒரே வாளியில் கொட்டுவது நடக்கத்தான் செய்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு 'உணவு வங்கி' என்ற பெயர் வந்த கதை சுவையானது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் ஏழைகளுக்குச் சமைத்துப்போடும் இடத்தில் தொண்டு செய்துவந்தார். கடைகள் தூக்கியெறிந்த நல்ல பண்டங்களை எடுத்துப் பத்துப் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாய், பணத்தைப் போட்டு எடுப்பதுபோல உணவையும் போட்டு எடுக்க ஓர் இடம் இருக்கக் கூடாதா என்று அவரிடம் கேட்டாராம். 1967-ல் செயின்ட் மேரீஸ் உணவு வங்கி பிறந்தது. நம் கோயம்புத்தூரில் 2014-ல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பு, கல்யாண வீடுகளில் மிஞ்சும் உணவை வாங்கிப் பசித்தவர்களிடம் சேர்க்கிறது.

மிஞ்சிய உணவைப் பகிர்வதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019-ல் விதிமுறைகள் கொண்டுவந்தது. எனவே முன்பின் தெரியாத அமைப்பு என்றால், ஆணையத்தின் 14 இலக்கப் பதிவு எண் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ஆணையத்தின் ஃபோஸ்காஸ் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்று. கல்யாணச் சாப்பாடு ஒரு வேளைப் பசியைத்தான் ஆற்றும். உங்கள் தெருவில் ஒரு குடும்பம் அடுப்பு மூட்டாமல் இருந்தால், முதலில் ரேஷன் கார்டு இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் டிஎன்பிடிஎஸ் இணையதளத்தில் உங்கள் போனிலிருந்தே அவர்களுக்காக விண்ணப்பித்துக் கொடுக்கலாம். கார்டு இருந்தும் அரிசி கிடைக்கவில்லையா? புகார் சொல்ல வேண்டிய எண் 1967. ஃபீனிக்ஸ் உணவு வங்கி பிறந்த ஆண்டும் அதுவே என்பது தற்செயல்தான். ஆனால் எண் மறக்காமல் இருக்க உதவும்.