ஒரே கியர் போதும், பல்லை எண்ணி வாங்குங்கள்

கியர் இல்லாத சைக்கிள் எது வாங்கலாம் என்று கேட்டு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "வீட்டில் அரசு சைக்கிள் இருக்கிறதா?" என்றுதான். 2005-06 முதல் அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பதினோராம் வகுப்பு சேருகிற எல்லாருக்கும் சைக்கிள் கொடுக்கிறார்கள். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் அக்காவோ அண்ணனோ ஓட்டிவிட்டுச் சாத்திய வண்டி மாடிப்படிக்குக் கீழே தூசு படிந்து கிடக்கும். அதுவும் சிங்கிள் ஸ்பீடுதான். பிரேம் துருப்பிடிக்காமல் இருந்தால் ஓவராயில் செய்து டயர், டியூப், செயின் மாற்றுங்கள். புது வண்டிக்குக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி மிச்சமாகும்.

வெளியில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் நம் விழுப்புரம் மாவட்டத்தில் ஒன்றைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்: வண்டி வெள்ளத்தில் நின்றதா? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்துவிடலாம். உள்ளே கிரீஸ் கழுவப்பட்டு பால்ரஸில் மண் ஏறியதை மறைக்க முடியாது. பெடல் அச்சு இருக்கும் இடத்தில் பிரேமின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் பெடலை மெல்லச் சுற்றிப் பாருங்கள். மண் இருந்தால் கரகரப்பு உள்ளங்கையில் தெரியும். பிறகு இரண்டு கிராங்கையும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஒன்று மட்டும் ஆடினால் காட்டர் பின் தேய்ந்திருக்கிறது, சில்லறைச் செலவு. இரண்டும் சேர்ந்து ஆடினால் கப்பு, அச்சு, குண்டு எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

செயினுக்கு ஒரு ஸ்கேல் போதும். ஒரு பின்னில் தொடங்கி 24 கண்ணி தள்ளி அளந்தால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அதற்கு மேல் அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால் செயின் போய்விட்டது. பின்சக்கரத்து ஃப்ரீவீல் பல்லும் அதோடு தேய்ந்திருக்கும்.

புது வண்டி என்றால் கடையில் முதலில் கண்ணில் படுவது தடித்த டயரும் முன்பக்க ஷாக்கும் வைத்த வண்டிதான். குறைந்த விலை வண்டியில் அந்த ஷாக் எடையைத்தான் கூட்டும். அந்தக் காசு நல்ல ரிம்முக்கும் ஸ்போக்குக்கும் போகட்டும். டயர் பக்கத்தில் அச்சிட்ட எண்ணையும் படியுங்கள். 26 × 1⅜ என்பதும் 26 × 1.95 என்பதும் ஒன்றல்ல. ஒன்றின் டயர் மற்றதன் ரிம்மில் உட்காராது. கூட்டேரிப்பட்டிலோ விக்கிரவாண்டியிலோ பஞ்சர் ஆனால் கைக்குக் கிடைக்கிற டியூப் எது என்று யோசித்து வாங்குங்கள். அழகான மெல்லிய 700சி டயரை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அதற்கு டியூப் தேடி சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போக வேண்டியிருக்கும்.

உயரம் பார்க்க, பாருக்கு மேல் காலை அகட்டி நில்லுங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்து, பாருக்கும் உடம்புக்கும் நடுவில் ஓரிரு அங்குலம் இருக்க வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். "வளர்கிற பிள்ளை, பெரிதாகவே எடுங்கள்" என்பார்கள். கேட்காதீர்கள்.

இனி நான் முக்கியமாக நினைப்பது, பல் கணக்கு. நம் ஊர் 28 அங்குலச் சாதா சைக்கிளில் பெரும்பாலும் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 20 கி.மீ. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, மேம்பாலங்களை விட்டால் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இந்தத் தட்டை நிலத்துக்குப் பல கியர் எதற்கு? ஆனால் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சாலையில் பிற்பகலில் கிழக்கே போய்ப் பாருங்கள்; கடல்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். அங்கே 18 பல் தொடையைக் கடுக்க வைக்கும். ஃப்ரீவீலை மட்டும் 20 பல்லாக மாற்றினால் சுற்றுக்கு ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும், மிதி லேசாகும். அந்தப் பக்கம் தினமும் போகிறவர், முதுகில் பை, கேரியரில் மூட்டை வைத்துப் போகிறவர் எல்லாருக்கும் நான் 20 பல்லைத்தான் சொல்கிறேன். வண்டி எடுக்கும்போதே கடைக்காரரிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வீடியோ பார்த்துவிட்டு ஃபிக்ஸட் கியர்தான் வேண்டும் என்று வருகிற கல்லூரிப் பையன்களும் உண்டு. அதில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும், காலை நிறுத்த முடியாது. பந்தயத் தடத்துக்கென்று அமைந்த வண்டி அது. நம் சாலையில் திடீரென்று வேகத்தடை வரும், டூவீலர் எதிர்த்திசையில் வரும், செருப்புக் கால் பெடலை விட்டு நழுவும். ஆசை விடவில்லை என்றால், ஒரு பக்கம் ஃப்ரீவீலும் மறுபக்கம் ஃபிக்ஸட் பல்லும் மாட்டக்கூடிய பின் ஹப் உள்ள வண்டியாக எடுங்கள். முன் பிரேக்கைக் கழற்றவே கழற்றாதீர்கள். காலியான மைதானத்தில் காலையில் பழகுங்கள், ஷூ போட்டுக்கொண்டு. நான்குவழிச் சாலைக்குக் கிளம்பும் நாளில் சக்கரத்தைத் திருப்பி ஃப்ரீவீல் பக்கம் மாட்டிக்கொண்டு புறப்படுங்கள்.