சிகிச்சைக் காலச் சேமிப்பு: எவ்வளவு வேண்டும்?

அவசரச் சேமிப்பை மருத்துவமனைக் கட்டணத்தை வைத்தே பலரும் கணக்கிடுகின்றனர். வருமானம் நிற்கும் நாட்களே முதற்கணக்கு என்கிறோம் நாங்கள். கைச்செலவுக்காக ஓய்வு முடியுமுன் வேலைக்குச் சென்று, தையல் பிரிந்து திரும்புவோரை அடிக்கடி காண்கிறோம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மாதம் 20,000 ரூபாய் ஊதியம் பெறும் இ.எஸ்.ஐ. காப்பீட்டாளருக்குச் சிகிச்சை இலவசம். உரிய சந்தா செலுத்தப்பட்டு, மருத்துவச் சான்றிதழும் இருந்தால், நோய்க்கால உதவித்தொகையாக ஊதியத்தில் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். மாதம் சுமார் 6,000 ரூபாய் குறையும். மூன்று மாதங்களுக்கு 18,000. உடனிருப்பவர் இழக்கும் கூலியும் ஆட்டோ கட்டணமும் தனி.

பூந்தமல்லியில் நாட்கூலிக்குச் செல்லும் கொத்தனாரின் நிலை வேறு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இழந்த கூலியைத் தருவதில்லை. வாடகையும் மளிகையும் மாதம் 15,000 ரூபாய் எனில், மூன்று மாதங்களுக்கு 45,000 ரூபாய் வேண்டும். நாள்தோறும் 50 ரூபாய் ஒதுக்கினாலும் இரண்டரை ஆண்டுகள் ஆகும். ஆகவே முதலில் ஒரு மாதச் செலவைத் திரட்டுங்கள். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கே போதும். நகை இருக்கிறதே என்பீர்கள். நள்ளிரவில் அடகுக்கடை திறந்திருக்காது.

இப்போது சிகிச்சையில் உள்ளோர் பணமின்மையால் மாத்திரையை நிறுத்துமுன் எங்களிடம் தெரிவியுங்கள். விலை குறைந்த மாற்று மருந்து இருக்கக்கூடும்.