ஊசிக்கா, ஸ்பீக்கருக்கா?

கேள்வி: அப்பா சேர்த்து வைத்த இளையராஜா எல்.பி.க்களும் எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதமும் வீட்டில் இருக்கின்றன. ரெக்கார்டு பிளேயர் வாங்கப் போகிறேன். பணத்தை எதில் போடுவது?
– வாசகர், ஆரணி

பதில்: ஊசியிலும், அதைத் தாங்கும் கையிலும். பள்ளத்தில் ஊசி தவறவிட்டதை எந்த ஸ்பீக்கராலும் மீட்க முடியாது. சூட்கேஸ் வடிவில் வரும் மலிவான பிளேயர்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். பலவற்றில் ஊசி 5 கிராம் வரை அழுத்தும். அப்பாவின் தட்டுகள் சீக்கிரம் தேய்ந்துவிடும். பின்புற எடையைத் திருகி அழுத்தத்தை 2 கிராமுக்குக் கொண்டுவர முடிகிற கை, ஊசியை மட்டும் மாற்ற வசதியுள்ள கார்ட்ரிட்ஜ், இவை உள்ள பிளேயருக்கே பாதிப் பணம் போகட்டும். ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் பழையதாகவே வாங்கலாம். ஊசியைப் பழையதாக வாங்கவே கூடாது. 78 சுழற்சித் தட்டுகளும் இருந்தால் அவற்றுக்கு அகலமான தனி ஊசி வேண்டும்.

நெசவு நடக்கும் ஆரணி என்பதால் கேட்கிறேன்: வீட்டில் தறி ஓடுகிறதா? அச்சுப்பலகையின் ஒவ்வொரு அடியும் தரை வழியாக ஊசிக்கு ஏறும். பாட்டோடு அதுவும் ஸ்பீக்கரில் கேட்கும். பிளேயரை மேசையில் வைக்காமல், தறியில்லாத அறையின் சுவரில் ஸ்டாண்ட் அடித்து வையுங்கள். ஆசாரி கூலியோடு முடிகிற செலவுதான்.