தஞ்சாவூருக்குக் கிளம்புமுன்: புக்கிட் செலம்பாவிலிருந்து சில குறிப்புகள்

மலேசியாவின் கெடாவிலிருந்து பள்ளி விடுமுறைக்குத் தமிழ்நாடு போகிறவர்கள் பலர் சென்னை, பட்டுச்சேலை, நகைக்கடை என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தஞ்சாவூருக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள் என்று நான் நச்சரிப்பது எங்கள் தாமானில் (குடியிருப்பில்) எல்லாருக்கும் தெரியும்.

1. முதலில் மெர்போக் போய் வாருங்கள். பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் நமக்குக் கூப்பிடு தூரம்தான். அங்கே புக்கிட் பத்து பஹாட் சண்டியில் (பழங்கோயிலில்) மரத்தூண் நிறுத்திய கல் பீடங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மரக்கூரை போய்விட்டது, கல் அடித்தளம்தான் மிச்சம். இதைப் பார்த்த கண்ணோடு தஞ்சைக் கற்கோயிலைப் பார்த்தால் பிள்ளைகளே கேள்வி கேட்பார்கள்.

2. சுங்கைப்பட்டாணியில் இடிஎஸ் ரயிலேறிக் கோலாலம்பூர், அங்கிருந்து விமானத்தில் நேரே திருச்சி. திருச்சியிலிருந்து தஞ்சை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இ-விசா எடுக்கும்போது பெயரைக் கவனியுங்கள். நம் பெயரில் வரும் ஏ/எல், ஏ/பி சாய்கோட்டைச் சில படிவங்கள் ஏற்பதில்லை. விசா, டிக்கெட் இரண்டிலும் ஒரே மாதிரி எழுத்து இருக்கட்டும்.

3. நம் வீட்டு சார்ஜரில் மூன்று சதுர முனை. அங்கே உருண்டைத் துளை. அடாப்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று எப்படியும் ஓட்டல் அறையிலேயே தங்கிவிடும்.

4. இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். நாம் காலை 7 மணிக்கு விழிக்கிற வழக்கத்துக்கு அங்கே நாலரை. முதல் இரண்டு நாள் பிள்ளைகள் தாமாகவே எழுந்துவிடுவார்கள். திட்டித் தூங்கவைக்காதீர்கள், குளிக்கவைத்துப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். காலை வெயில் கல்லில் ஏறும்போது கோயில் விமானம் பொன் நிறமாகிறது. கூட்டமும் இருக்காது.

5. பகல் 12.30 வாக்கில் நடை சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். நாங்கள் முதல் முறை பதினொன்றரைக்குப் போய், பிராகாரத்தில் தவளைபோலத் தாவினோம். கருங்கல் தரை அப்படிக் கொதிக்கும். பழைய கனத்த காலுறை ஆளுக்கொரு ஜோடி பையில் இருக்கட்டும். காலுக்கு மலிவான சிலிப்பரே போதும். நல்ல செருப்பை வெளியே விட்டுவிட்டுச் சாமி கும்பிட்டால் மனம் செருப்பிடமே இருக்கும்.

6. சுவரைப் பாருங்கள். 1010-இல் ராஜராஜன் முடித்த கோயில் இது, அடித்தளமெல்லாம் எழுத்து. பிறகு அவர் மகன் ராஜேந்திரனின் வெற்றிகளைச் சொல்லும் மெய்க்கீர்த்தியும் இங்கே பொறிக்கப்பட்டது. அதில் கடாரம் வருகிறது, அதாவது நம் கெடா. 1025-இல் ராஜேந்திரனின் கடற்படை கெடாவுக்கு வந்த கதைதான். கல்வெட்டு எந்தப் பக்கம் என்று வழிகாட்டியிடம் முன்பே கேளுங்கள். க, ட போன்ற எழுத்துகள் சற்று நேரம் உற்றுப் பார்த்தால் பிடிபடும். என் மகள் ஒரு ‘ட’வைக் கண்டுபிடித்துவிட்டு அந்த இடத்தைவிட்டு நகர மறுத்துவிட்டாள். ஜெயித்தவர் எழுதியது, தோற்ற ஊர்க்காரர் படிக்கிறோம் என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

7. கோபுர நிழல் தரையில் விழாது என்பார்கள். விழும். மாலையில் நின்று பாருங்கள்.

8. வாடகை வண்டி பேசும்போது கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா, டோல் மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். இறங்கும்போது தகராறு வராது. கும்பகோணம், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். சாப்பாட்டுக் கடையில் ‘தாப்பாவ்’ என்றால் விழிப்பார்கள். ‘பார்சல்’ என்று சொல்லுங்கள்.

9. தஞ்சை அரண்மனையில் கலைக்கூடம், சரஸ்வதி மகால் நூலகம் என்று தனித்தனிச் சீட்டு; சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். நேரம் குறைவென்றால் அதைக் கலைக்கூடத்துச் சோழர் வெண்கலச் சிலைகளுக்குக் கொடுங்கள்.

10. ‘ரஜுலா’ கப்பலில் தமிழ்நாட்டிலிருந்து மலாயா வந்த தாத்தா பாட்டியின் ஊரைத் தேடுகிறவர்கள், ஊர்ப் பெயரோடு தாலுகா, பக்கத்து ஊர், குலதெய்வக் கோயில் பெயர் மூன்றையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் நாலைந்து ஊர் இருக்கும். கடைசியில் வழி காட்டுவது பெரும்பாலும் குலதெய்வம்தான்.

11. தஞ்சாவூர் ஆடும் பொம்மை வாங்கினால் தலை, உடம்பு, பாவாடை தனித்தனியே கழன்று வரும். ஒவ்வொன்றையும் கைலித் துணியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள். நான் முழுசாகப் பெட்டியில் போட்டேன். கழுத்துக் கம்பி வளைந்து வந்தது. இப்போதும் ஆடுகிறது, ஒரு பக்கமாக மட்டும்.