ஆஸ்பத்திரிக் கணக்கில் கட்டுகிறேன் என்று சொல்லிப் பார்

பாளையங்கோட்டை
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள பிரபுவுக்கு,

அத்தை எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளமா என்று சிரிக்காதே. போனில் பேசினால் பாதியில் உனக்குக் கோபம் வரும், எனக்கும் குரல் ஏறிவிடும். போனில் பழகிய தோழியின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்று நீ கேட்ட நாற்பதாயிரம் என்னிடம் இருக்கிறது. கொடுக்கவும் மனசு இருக்கிறது. அது யார் கைக்குப் போகிறது என்பதில்தான் இடறுகிறது. உன் அப்பாவிடம் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை, பயப்படாதே.

நீ அனுப்பிய பில்லைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காலமெல்லாம் பேங்க் கவுன்டரில் உட்கார்ந்தவளுக்குக் காகிதத்தைக் கண்டால் கண் சும்மா இருக்காது. மேலே ஆஸ்பத்திரி பெயர் பளிச்சென்று இருக்கிறது. கீழே உள்நோயாளிக்குத் தரும் ஐபி நம்பர் இல்லை, வார்டு இல்லை, டாக்டர் பெயர் இல்லை. மருந்து, ரத்தப் பரிசோதனை, அறை வாடகை எல்லாமே ஆயிரம் ஆயிரமாக முடிகின்றன. பஞ்சுக்கும் ஊசிக்கும் சில்லறை போடாத ஆஸ்பத்திரி எந்த ஊரில் இருக்கிறது? கூட்டிப் பார்த்தால் மொத்தத்தில் 2,000 ரூபாய் இடிக்கிறது.

நீ ஏற்கெனவே அனுப்பிய பணத்தின் ஸ்கிரீன்ஷாட் அதைவிட மோசம். ஜிபேயில் நம்பரைப் போட்டதும் பேங்கில் பதிவான பெயர் வந்திருக்கிறது. அது அந்தப் பெண்ணின் பெயரும் இல்லை, அவள் அம்மா பெயரும் இல்லை. யாரோ ஓர் ஆண். "என் அக்கவுண்ட் லாக் ஆயிடுச்சு, இது சித்தப்பா பையனோடது" என்றாளாம். கமிஷனுக்காகத் தன் கணக்கை அடுத்தவன் கையில் கொடுக்கிறவர்கள் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியாது. அந்தக் கணக்கில் விழுந்த பணம் சில நிமிஷத்தில் நாலு கணக்குக்குப் பிரிந்து, ஏடிஎம் வழியாக நோட்டாக வெளியே போய்விடும்.

ஆனால் பில் தப்பாக இருக்கிறது என்று நீ கேட்டால், நாளைக்கே சரியான பில் வரும். அதனால் காகிதத்தை வைத்து முடிவு பண்ணாதே. பிரான்ஸ்காரப் பெண் ஒருவர், தன்னிடம் பேசுவது பிராட் பிட் என்று நம்பி 8,30,000 யூரோ கொடுத்த கதை 2025 ஜனவரியில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. முதலில் பரிசுப் பொருளுக்குச் சுங்க வரி என்று கேட்டார்கள். அப்புறம் சிறுநீரகப் புற்றுநோய்க்கு வைத்தியம். விவாகரத்து வழக்கால் பிராட் பிட்டின் சொந்தக் கணக்கு முடங்கிக் கிடக்கிறது என்று சாக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிராட் பிட் படுத்திருப்பது போலப் படங்கள் வந்தன. எல்லாம் செயற்கை நுண்ணறிவில் செய்தவை. அந்தப் பெண் கொடுத்தது நம் பணத்தில் ஏழு கோடிக்கு மேல். அவரைப் பார்த்து ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன்னையும் ஏமாளி என்று நினைக்கவில்லை. ஆறேழு மாசம் தினமும் "சாப்டியா?" என்று கேட்ட ஒருத்தி. கோயம்புத்தூர் ரூமில் தனியாக இருக்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாதா? முதலில் வாங்கிய ஐந்நூறைச் சொன்ன தேதிக்குத் திருப்பித் தந்தாளே என்கிறாய். பேங்கிலும் பெரிய தொகைக்கு அடி போடுகிறவன் சின்னக் கடனை நாள் தவறாமல் கட்டுவான். "உன்கிட்ட கேட்கவே கூசுது" என்று அவள் அழுததும், நீயாகவே "நான் தரேன்" என்று சொன்னதும் வரிசை மாறாமல் நடந்திருக்கின்றன.

அவள் நிஜமாகவே கஷ்டப்படுகிறவளாகவும் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. கதை பொய்யா மெய்யா என்று துப்பறிவது நம் வேலையும் இல்லை. உதவியை வேறு வழியில் கொடுத்துப் பார். கஷ்டத்தில் இருக்கிறவளுக்குக் கஷ்டம் தீர்ந்தால் போதும், அது எந்த வாசல் வழியாக வந்தால் என்ன? "ஆஸ்பத்திரி பேங்க் கணக்கிலேயே கட்டிவிடுகிறேன், ஐபி நம்பர் கொடு" என்று சொல். மதுரையில்தான் இருக்கிறார்கள் என்கிறாய், ராஜாஜி அரசு மருத்துவமனை அங்கேயே இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும், கார்டு இருக்கிறதா என்று கேள். நிஜமாகத் தவிக்கிறவள் இதையெல்லாம் உனக்கு முன்னாலேயே அலைந்து பார்த்திருப்பாள். எந்த அதிகாரி என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார் என்று ஒரு மணி நேரம் புலம்புவாள். ஏமாற்றுகிறவள் கோபப்படுவாள். "என்னை நம்பலையா, இவ்வளவுதானா நம்ம ஃப்ரெண்ட்ஷிப்" என்பாள். அல்லது பத்தே நிமிஷத்தில் வேறொரு அவசரம் முளைக்கும்.

இன்னொன்று. "வீட்ல யார்கிட்டயும் சொல்லாதே" என்று அவள் சொன்னதாக நீயே சொன்னாய். எங்கள் கிளைக்கு ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் எஃப்டியைப் பாதியில் உடைக்க வந்தார். எதற்கு என்று கேட்டேன். பேரன் காலேஜ் ஃபீஸ் என்றார். எந்தக் காலேஜ் என்றதும் அவர் கண் கைப்பைக்குப் போனது. உள்ளே போன் லைனிலேயே இருந்தது. என்ன கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அவருக்கு முன்கூட்டியே பாடம் நடந்திருக்கிறது. உன் சொந்த ஜனத்திடம் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறவள் உனக்குத் தோழியாக இருக்க முடியாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தப் பக்கம் இருப்பது பெண்தானா என்பதே தெரியாது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று கூட்டிப்போய் மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்ட நம் ஊர்ப் பையன்கள் 2022-இல் மீட்கப்பட்டு வந்தார்கள், நினைவிருக்கிறதா? ஆன்லைனில் ஆள்களை ஏமாற்றச் சொல்லி அடித்திருக்கிறார்கள். உன்னிடம் "சாப்டியா?" என்று கேட்பவனே சாப்பிட்டானோ என்னவோ. பாவப்படு, பணம் மட்டும் அனுப்பாதே.

மோசடிதான் என்று தெரிந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதே. உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடி. சீக்கிரம் சொன்னால்தான், எதிர்க் கணக்கில் மிச்சமிருப்பதையாவது பேங்க் நிறுத்தி வைக்க முடியும். பணம் அனுப்பியதற்கான யுடிஆர் நம்பரை எடுத்து வை, சாட்டை அழிக்காதே. கோபத்தில் பிளாக் பண்ணுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடு. பிறகு ஒருவன் வருவான், போன பணத்தை மீட்டுத் தருகிறேன், முதலில் கொஞ்சம் ஃபீஸ் கட்டு என்பான். அவனும் அதே கூட்டம்தான். அவளுக்கு ஏதாவது போட்டோ, வீடியோ அனுப்பியிருந்து அதைக் காட்டி மிரட்டினாலும் ஒரு பைசா கொடுக்காதே, என்னிடம் சொல். நான் எதுவும் கேட்க மாட்டேன்.

என் சிநேகிதி மகள் மதுரையில் நர்ஸ். வார்டும் ஐபி நம்பரும் வாங்கிக் கொடுத்தால் நாளைக்கே நேரில் போய்ப் பார்ப்பாள். அந்தப் பெண்ணின் அம்மா அங்கே இருந்தால் நாற்பதாயிரமும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக் கணக்குக்குப் போகும். எனக்கு நீ திருப்பித் தரவும் வேண்டாம். இப்போதே உன் தோழியிடம் கேட்டுவிட்டு எனக்குப் போன் போடு, பதினொரு மணி வரை முழித்திருப்பேன்.

அன்புடன்,
அத்தை