'கெட்' வந்தால் அடுத்த சொல்லைப் பாருங்கள்

மாலை வகுப்பில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்கள், மீதிப் பேர் வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்யும் நர்ஸுகள். கடினமான சொல் வந்தால் இவர்கள் கலங்குவதில்லை, அகராதி பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். திணறடிப்பது 'கெட்' போன்ற சின்னச் சொற்கள்தான்.

இதன் அர்த்தங்களை வரிசையாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர், 'ரன்' என்ற வினைக்கு மட்டும் 645 அர்த்தங்களைப் பிரித்துக் காட்டினார். 'கெட்'டும் அந்த ரகம்தான். எந்தத் தலைக்குள் இவ்வளவும் நிற்கும்? 'கெட்'டுக்கு அடுத்து என்ன வருகிறது என்று பார்த்தால் போதும், முக்கால்வாசி விளங்கிவிடும்.

அடுத்து ஒரு பொருள் வந்தால், கிடைப்பது அல்லது வாங்குவது: 'ஐ காட் எ லெட்டர்'. ஊர் வந்தால் போய்ச் சேர்வது: 'வி காட் டு மதுரை'. நிலையைச் சொல்லும் சொல் வந்தால் நம் 'ஆகு': 'இட்ஸ் கெட்டிங் லேட்', லேட் ஆகுது. இதெல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

கொஞ்சம் நின்று கற்க வேண்டியது 'ஷி காட் ஸ்கோல்டட்' போன்ற வாக்கியங்களை. 'திட்டப்பட்டாள்' என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை, 'திட்டு வாங்கினாள்' என்கிறோம். அடி வாங்கினான், பேச்சு வாங்கினான் எல்லாம் இதே வேலைதான். வழி நம்மிடமே இருப்பதைக் காட்டினால் மாணவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்! ஆனால் இது பேச்சு வழக்கு. பெரும்பாலும் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்லவே வரும். ஒரு கோயில் எப்போது கட்டப்பட்டது என்று எழுதும்போது 'வாஸ் பில்ட்' என்றே எழுதுங்கள்.

சலூனுக்குப் போய் வந்து 'ஐ கட் மை ஹேர்' என்றால், நீங்களே கத்தரி பிடித்ததாகத்தான் கேட்பவர் நினைப்பார். 'ஐ காட் மை ஹேர் கட்' என்பதே சரி. பைக்கை சர்வீஸுக்கு விட்டாலும், ரவிக்கை தைக்கக் கொடுத்தாலும் இதே அமைப்பு. பொருள் நடுவில் வர வேண்டும், செயல் கடைசியில்.

நர்ஸுகளிடம் நான் விடாமல் பழக்குவது இன்னொன்று. சாப்பிட மறுத்த நோயாளியைச் சாப்பிட வைத்ததை இன்டர்வியூவில் சொல்ல வேண்டும். 'ஐ மேட் தி பேஷன்ட் ஈட்' என்றால் வற்புறுத்திய தொனி வந்துவிடும். 'ஐ காட் தி பேஷன்ட் டு ஈட்' என்றால் பக்கத்தில் உட்கார்ந்து, பேசி, சம்மதிக்க வைத்தது தெரியும். நாள் முழுக்க அந்தப் பொறுமையோடு வேலை பார்க்கிறவர்கள் ஒரு சொல்லால் கடுமையானவர்களாகத் தெரியக் கூடாது என்பது என் ஆதங்கம். 'காட்' வந்தால் நடுவில் 'டு' வேண்டும், 'மேட்' வந்தால் வேண்டாம். இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

பஸ்ஸிலிருந்து 'கெட் டவுன்' என்று நம் ஊரில் சொன்னால் எல்லோருக்கும் புரியும். லண்டன் போகிறவர்கள் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் 'கெட் ஆஃப்', காருக்கு 'கெட் அவுட் ஆஃப்' என்று மாற்றிக்கொள்வது நல்லது. விண்ணப்பம், அலுவலகக் கடிதம் என்றால் 'கெட்'டைக் குறைத்து 'ரிசீவ்', 'அப்டெய்ன்', 'பிகம்' போடுங்கள்.

'கெட் டு' என்பதற்கு அடுத்து ஊருக்குப் பதில் வினை வந்தால், பெரும்பாலும் வாய்ப்புக் கிடைத்ததைச் சொல்வது. 'ஐ காட் டு வொர்க் இன் தி ஐசியூ' என்றால் ஐசியூவில் வேலை பார்க்கக் கிடைத்தது. அதைச் சொல்லும்போது குரலில் சந்தோஷம் தெரியட்டும்.